விருது ஒரு கையில், பூட்டு மறு கையில்

தேசியத் திரைப்பட விருதுகளை வழங்க ஏற்பாடு செய்வது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். விருதைத் தம் கையால் வழங்குவது குடியரசுத் தலைவரின் மரபு. அந்த மேடையில் "சிறந்த புலனாய்வுப் படம்" என்று பாராட்டப்பட்ட ஓர் ஆவணப்படத்தை, அதே அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்த தூர்தர்ஷன் மக்களுக்குக் காட்ட மறுத்தது. படத்தை எடுத்தவர் நீதிமன்றப் படியேறினார். நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே படம் ஒளிபரப்பானது. இது ஒரு முறை மட்டும் நடந்திருந்தால் யாரோ ஓர் அதிகாரியின் அச்சம் என்று விட்டுவிடலாம். ஒரே இயக்குநருக்கு, ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலத்தில், படத்துக்குப் படம் நடந்திருக்கிறது என்றால் அதை அமைப்பின் குணம் என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த இயக்குநர் ஆனந்த் பட்வர்தன். 1950-ல் மும்பையில் பிறந்தவர். பிகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தலைமையில் எழுந்த மாணவர் கிளர்ச்சியைப் படம் பிடித்ததில் தொடங்குகிறது அவரது பயணம். நெருக்கடி நிலைக் காலத்தில் அப்படத்தின் பிரதிகள் ரகசியமாக நாடு கடந்து சென்றன. நெருக்கடி நிலை முடிந்ததும் அக்காலத்து அரசியல் கைதிகளைப் பற்றி "ஜமீர் கே பந்தி" என்ற படத்தை 1978-ல் வெளியிட்டார். பின்னர் மும்பை நடைபாதைவாசிகள், பஞ்சாப் தீவிரவாதம், அயோத்தி இயக்கம், அணுகுண்டுச் சோதனை, தலித் மக்கள் மீதான வன்முறை என்று, நாடு எந்தக் காயத்தைப் பார்க்க விரும்பவில்லையோ அதன் மீதே அவரது கேமரா திரும்பியது.

அவர் தூர்தர்ஷன் ஊழியர் அல்லர். ஒரு நாளும் அதன் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருந்ததில்லை. எனினும், நமது பொது ஒளிபரப்பின் வரலாற்றை எழுதுகிறவர் அவரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. தூர்தர்ஷன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை விடாப்பிடியாக நீதிமன்றத்தின் முன் வைத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

"ஹமாரா ஷஹர்" 1985-ல் வெளிவந்தது. மும்பையின் குடிசைகள் இடிக்கப்படுவதையும், நகரத்தைக் கட்டியெழுப்பிய உழைப்பாளிகளுக்கு அந்நகரத்தில் படுக்க ஆறடி இடம் இல்லாததையும் காட்டிய படம். நடைபாதைவாசிகளின் வாழ்வாதார உரிமை பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டில்தான். படம் தேசிய விருது பெற்றது. ஆனால் தொலைக்காட்சியில் வருவதற்கு நான்கு ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. பஞ்சாபில் பகத் சிங்கின் நினைவை மதவாதிகளிடமிருந்து மீட்க முயன்றவர்களைப் பற்றிய "உனா மித்ரான் தி யாத் பியாரி" படத்துக்கும் மும்பை உயர் நீதிமன்றமே வழி திறந்துவிட்டது.

இவற்றைவிட நாட்டுக்குப் பெரும் இழப்பாக முடிந்தது "ராம் கே நாம்" படத்துக்கு நேர்ந்த தாமதம். 1990-ல் சோமநாதத்தில் கிளம்பி அயோத்தியை நோக்கிச் சென்ற அத்வானியின் ரத யாத்திரையைப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்டது அப்படம். யாத்திரையில் முழங்கியவர்களோடு, அயோத்தியில் தலைமுறைகளாக வாழும் எளிய இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் பேசுகிறார்கள். சர்ச்சைக்குரிய இடத்தில் நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டிருந்த பூசாரி லால்தாஸ் பேசுகிறார். ராமனை நாளும் பூசித்த அவர், ராமனின் பெயரால் நடக்கும் அரசியலை அச்சமின்றிக் கண்டிக்கிறார். 1992-ல் இப்படத்துக்குப் புலனாய்வுப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தணிக்கை வாரியம் எல்லோரும் பார்க்கலாம் என்று "யு" சான்றிதழ் வழங்கியிருந்தது. தூர்தர்ஷனோ கதவைச் சாத்திக்கொண்டது.

அந்த ஆண்டு டிசம்பர் 6-ம் தேதி மசூதி தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் லால்தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதிமன்ற உத்தரவின்பேரில் தூர்தர்ஷன் அப்படத்தை ஒளிபரப்பியது 1997-ம் ஆண்டு. எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டிய படம், நினைவஞ்சலியாக வந்து சேர்ந்தது.

ஒரு படம் ஒளிபரப்பாகியிருந்தால் டிசம்பர் 6 நடந்திருக்காது என்று சொல்வது பேதைமை. அது வாதமும் அல்ல. நாட்டின் பெரும்பான்மை வீடுகளுக்கு ஒரே தொலைக்காட்சியாகத் தூர்தர்ஷன் இருந்த காலம் அது. அயோத்தியின் சொந்தப் பூசாரி என்ன நினைக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை, ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த கோடிக்கணக்கான மக்களுக்கு இருந்தது. அந்த உரிமை பறிக்கப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. தடை என்று யாரும் ஆணை பிறப்பிக்கவில்லை. கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான். காலம் கடத்துவதும் தணிக்கையே. கத்தரிக்கோலுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கடிகாரத்துக்குக் காட்ட வேண்டியதில்லை.

தூர்தர்ஷன் என்ன காரணம் சொல்லி மறுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். போபால் விஷவாயுக் கொடுமையைப் பற்றித் தபன் போஸும் சுகாசினி முலேயும் எடுத்த "பியாண்ட் ஜெனோசைட்" படம் 1987-ல் தங்கத் தாமரை விருது பெற்றது. அதை ஒளிபரப்ப மறுத்தபோது தூர்தர்ஷன் அடுக்கிய காரணங்கள் நீதிமன்ற ஆவணங்களில் உள்ளன. படம் பழையதாகிவிட்டது, அதில் நிதானம் இல்லை, நடுநிலை இல்லை, இழப்பீட்டு விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கிறது, அரசியல் கட்சிகள் பிரச்சினையைக் கிளப்பி வருகின்றன, பதற்றம் உண்டாகும். பழையதாகிப் பொருத்தம் இழந்துவிட்ட படம் எப்படிப் பதற்றத்தை உண்டாக்கும்? ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க முடியாதே.

1992 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணங்களை ஏற்க மறுத்தது. பொதுப் பணத்தில் நடக்கும் ஓர் அரசு அமைப்பு, அரசைக் குறை கூறுகிறது என்பதற்காக ஒரு படத்துக்கு இடம் மறுக்க முடியாது. மறுப்பதானால் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு அனுமதிக்கும் காரணங்களைக் காட்ட வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1995-ல் கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அலைவரிசை பொதுச் சொத்து. அது அரசின் தனி உடைமை அன்று எனத் தீர்ப்பளித்தது.

தூர்தர்ஷனுக்குத் துணிவே கிடையாது என்று சொல்வதும் நியாயமாகாது. 1988-ல் கோவிந்த் நிஹலானியின் "தமஸ்" தொடரை ஒளிபரப்பியதும் அதே தூர்தர்ஷன்தான். பிரிவினைக் கால வன்முறையைக் காட்டிய அத்தொடரை நிறுத்தக் கோரி வழக்குகள் வந்தன. மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் தொடர் முழுவதையும் பார்த்த பிறகு, தடை கூடாது என்றனர். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வன்முறையைக் காட்டுவது வன்முறையைத் தூண்டுவதாகாது. மக்கள் பகுத்துணர வல்லவர்கள் என்ற நிலைப்பாடே அன்று வென்றது. ஆனால், பட்வர்தனின் படம் வந்தபோது மட்டும் அதே மக்கள் தூர்தர்ஷனின் கண்ணுக்குப் படிப்பறிவற்றவர்களாகவும் எளிதில் கொதித்தெழுபவர்களாகவும் தெரிந்தார்கள். இடையில் மாறியது மக்களா, ஒளிபரப்புபவரின் வசதியா?

1995-ல் வெளிவந்த "பித்ர, புத்ர அவுர் தர்மயுத்த" படத்தின் கதை இதற்குச் சான்று. ராஜஸ்தானில் 1987-ல் நடந்த உடன்கட்டைச் சம்பவத்தையும், மும்பைக் கலவரத்தையும், வன்முறையை வீரம் என்று போதிக்கும் ஆண்மை குறித்த கற்பிதங்களையும் ஆராய்ந்தது அப்படம். புலனாய்வுப் படத்துக்கான விருதும் சமூகப் பிரச்சினைக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. மும்பை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. அத்துடன் நிற்காமல் உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு செய்தது. 2006 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வந்தது: எட்டு வாரங்களுக்குள் படத்தை ஒளிபரப்ப வேண்டும். படம் எடுத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அத்தீர்ப்பை வழங்கிய அமர்வின் தலைவர் தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். பின்னாளில் முல்லைப் பெரியாறு அணை குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் இடம்பெற்றதால் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமானவர். ஒரு காட்சியைத் துண்டாக எடுத்து வைத்துக்கொண்டு படத்தை எடைபோடக் கூடாது. முழுப் படத்தையும், சராசரியான, அறிவுத் தெளிவுள்ள மனிதனின் பார்வையில் வைத்து மதிப்பிட வேண்டும் என்று அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. இந்தச் சிந்தனைக்குத் தமிழ்நாட்டோடு இன்னோர் உறவும் உண்டு. இடஒதுக்கீட்டை விமர்சித்த "ஒரே ஒரு கிராமத்திலே" படத்தின் வழக்கில், போராட்டம் வெடிக்கும் என்று மிரட்டுவோருக்குப் பணிந்து கருத்துரிமையை முடக்க முடியாது என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படத்தின் கருத்தை ஏற்காதவர்கள் தமிழகத்தில் ஏராளம். ஆயினும், நமக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த பாதுகாப்புதான் நமக்குப் பிடித்த படத்துக்கும் கவசமாகிறது.

இந்த வழக்குகளின் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. படம் எடுத்தவர் தன் நேரத்தையும் உழைப்பையும் செலவிட்டு வழக்காடுகிறார். தூர்தர்ஷனோ அரசுப் பணத்தில் வழக்கறிஞர்களை அமர்த்துகிறது. மக்கள் ஒரு படத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, அந்த மக்களின் வரிப்பணமே செலவிடப்படுகிறது. தோற்றால் அதிகாரிக்கு நஷ்டம் இல்லை. பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டதே வெற்றி.

ஆசிரியர் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாதா, யார் படம் எடுத்து வந்தாலும் காட்டியாக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எந்த ஒளிபரப்பு நிறுவனமும் தேர்வு செய்துதான் ஆக வேண்டும். தம் படம் திரையேற வேண்டும் என்பது எவருக்கும் கட்டற்ற உரிமை அன்று என்பதை நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது. பட்வர்தன் தமது சார்பை ஒளிப்பவரும் அல்லர். அவர் படங்களோடு முரண்படுவோர் அதற்கு மறுப்பாக நூறு படம் எடுக்கட்டும். அவற்றுக்கும் தூர்தர்ஷனில் இடம் வேண்டும். ஆனால் தேர்வு என்றால் அதற்கு அளவுகோல் இருக்க வேண்டும். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை மறு ஆய்வு செய்யப் பொதுவான ஓர் இடம் இருக்க வேண்டும். அமைச்சகம் முகம் சுளிக்குமோ என்ற அச்சத்தில் எடுக்கும் முடிவுக்கு ஆசிரியர் உரிமை என்று பெயர் சூட்ட முடியாது.

இதில் எந்தக் கட்சியும் கை கழுவிக்கொள்ள இயலாது. "ஹமாரா ஷஹர்" முடக்கப்பட்டது ராஜீவ் காந்தி ஆட்சியில். "ராம் கே நாம்" முடக்கப்பட்டது மதச்சார்பின்மை பேசிய நரசிம்ம ராவ் ஆட்சியில். அணுகுண்டுச் சோதனையை விமர்சித்த "ஜங் அவுர் அமன்" படத்தில் வெட்டுகள் கோரப்பட்டது வாஜ்பாய் ஆட்சியில். 2003-ல் மும்பை உயர் நீதிமன்றம் அவற்றை நிராகரித்தது. 2006 தீர்ப்பு வந்தபோது நடந்தது மன்மோகன் சிங் ஆட்சி. எதிர்க்கட்சி வரிசையில் அமரும்போது தன்னாட்சி கேட்பதும், ஆளும் வரிசைக்கு மாறியதும் மறந்துவிடுவதும் நம் நாடாளுமன்ற மரபாகிவிட்டது.

இதைவிடக் கசப்பான முரண் ஒன்றும் வரலாற்றில் உண்டு. நெருக்கடி நிலைக்குப் பின் ஜனதா ஆட்சியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் எல்.கே. அத்வானி. வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசின் பிடியிலிருந்து விடுவிக்க வழி காண வர்கீஸ் குழுவை அமைத்ததும், 1979-ல் பிரசார் பாரதி மசோதாவை மக்களவைக்குக் கொண்டுவந்ததும் அவர் காலத்தில்தான். மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. அன்றே தன்னாட்சி கைகூடியிருந்தால், பதினோரு ஆண்டுகள் கழித்து அவர் நடத்திய யாத்திரையைப் பற்றிய படத்தைக் காட்டும் துணிவு தூர்தர்ஷனுக்கு வந்திருக்கக்கூடும்.

பிரசார் பாரதி சட்டம் 1990-ல் வி.பி. சிங் ஆட்சியில் நிறைவேறியது. ஏழு ஆண்டுகள் உறங்கிய பின் 1997 செப்டம்பரில், குஜ்ரால் ஆட்சியில் ஜெய்பால் ரெட்டி அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். பொது நலன் சார்ந்த எல்லா விஷயங்களிலும் சுதந்திரமாக, உண்மையாக, நடுநிலையோடு தகவல் பெறும் குடிமக்களின் உரிமையைக் காப்பதும், மாறுபட்ட கருத்துகளுக்கு இடம் தருவதும் அந்நிறுவனத்தின் கடமை என்கிறது அது. பட்வர்தன் நீதிமன்றங்களில் கேட்டதும் இதைத்தான்.

அதே சட்டத்தின் 13-வது பிரிவு, மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு, பிரசார் பாரதி தன் கடமையைச் செய்கிறதா என்று மேற்பார்வையிட வேண்டும் என்கிறது. 14-வது பிரிவு ஓர் ஒளிபரப்புக் கவுன்சிலை அமைக்கச் சொல்கிறது. பொதுவாழ்வில் சிறந்தோர் அடங்கிய அக்கவுன்சிலிடம், ஒளிபரப்பு சட்டத்தின் நோக்கங்களுக்கு இணங்க நடைபெறவில்லை என்று எவரும் முறையிடலாம். படம் மறுக்கப்பட்ட ஓர் இயக்குநர் பத்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் அலையாமல் சில மாதங்களில் விடை பெறுவதற்கான வழி, சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால், சட்டம் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, 2014-ல் அறிக்கை தந்த சாம் பித்ரோடா குழு, சட்டம் சொல்லும் நாடாளுமன்றக் குழுவை அமையுங்கள் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் தானே இயற்றிய சட்டத்தில் தனக்கே கொடுத்துக்கொண்ட பொறுப்பை இத்தனை காலம் ஏற்காமல் இருந்தது வேறு எந்தத் துறையிலாவது நடந்திருக்குமா? கேள்வி நேரத்தில் தூர்தர்ஷன் கோபுரங்களைப் பற்றியும் தம் தொகுதியில் தெளிவாகத் தெரியாத ஒளிபரப்பைப் பற்றியும் உறுப்பினர்கள் கேட்பார்கள். திரையில் எது வருகிறது, எது வரவில்லை என்று கேட்பவர்கள் மிகச் சிலர்.

இதன் விளைவை அனுபவிப்பவர் பட்வர்தன் மட்டுமல்லர். வழக்காடும் மன உறுதி எல்லோருக்கும் வாய்க்காது. மறுக்கப்படும் என்று தெரிந்தே, எடுக்க வேண்டிய படத்தை எடுக்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ? 2000-ல் தொடங்கப்பட்ட பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தூர்தர்ஷனோடு இணைந்து சுயேச்சை இயக்குநர்களுக்கு நிதியும் நேரமும் பெற்றுத் தந்தது. நூற்றுக்கணக்கான படங்கள் அதனால் பிறந்தன. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் 2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டபோது, இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு போராட வேண்டியதாயிற்று.

நிலைமை பின்னர் மேம்பட்டுவிடவில்லை. பகுத்தறிவாளர்கள் தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் ஆகியோரின் படுகொலைகளை ஆராய்ந்த "விவேக்" படம் 2018-ல் ஆம்ஸ்டர்டாம் விழாவில் உயரிய விருதைப் பெற்றது. மறு ஆண்டு கேரள ஆவணப்பட விழாவில் அதைத் திரையிட அமைச்சகம் விலக்கு அளிக்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது. "ராம் கே நாம்" படத்தை மாணவர்கள் திரையிட்டபோது 2019-ல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் போலீஸார் தடுத்தனர். 2024 ஜனவரியில் அதே நகரில் இன்னொரு திரையிடல் நிறுத்தப்பட்டு, ஏற்பாடு செய்தவர்கள் கைதாகினர். தேசிய விருது பெற்ற, "யு" சான்றிதழ் பெற்ற, தூர்தர்ஷனே நாடெங்கும் காட்டிய ஒரு படம், முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு சிறு அறையில் சிலர் கூடிப் பார்ப்பதற்கும் ஆபத்தானதாகிவிட்டது.

இணையம் வந்துவிட்டதே, இனித் தூர்தர்ஷன் எதற்கு என்பார்கள். 2023 ஜனவரியில் பிரதமரைப் பற்றிய பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகளை ஓர் அவசர ஆணையின் மூலம் அரசால் முடக்க முடிந்தது. இணையம் திறந்த வெளி அன்று; அதற்கும் கதவு உண்டு, சாவி வேறு யாரிடமோ இருக்கிறது. மேலும், ஏற்கெனவே உடன்படுபவர்கள் தேடிச் சென்று பார்க்கும் இடம் இணையம். தேடாதவர் வீட்டுக்கும் மாற்றுக் கருத்தைக் கொண்டு சேர்ப்பதே பொது ஒளிபரப்பின் பணி. தனியார் செய்தி அலைவரிசைகளில் ஆய்வு குறைந்து கூச்சல் பெருகிவிட்ட காலத்தில் அப்பணியின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் காரியங்கள் அல்ல. சட்டத்தின் 13, 14-வது பிரிவுகள் எழுத்தில் உள்ளபடி செயலுக்கு வர வேண்டும். இரு அவைகளும் அதை வலியுறுத்த வேண்டும். தேசிய விருது பெறும் ஆவணப்படங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள், மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஒளிபரப்பாக வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய "வேவ்ஸ்" இணையத் தளத்தில், ஒரு காலத்தில் நீதிமன்றம் சென்று திரையேறிய அத்தனை படங்களுக்கும் நிலையான இடம் வேண்டும். மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய நிதியும் தேவையில்லை.

உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் திரும்பத் திரும்ப ஒரே தீர்ப்பைத் தந்திருக்கின்றன. தூர்தர்ஷனும் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறது. அடுத்த இயக்குநர் விருதைக் கையில் ஏந்திக்கொண்டு மீண்டும் வழக்கறிஞரைத் தேட வேண்டுமா என்பதை இனி முடிவு செய்ய வேண்டியவை நீதிமன்றங்கள் அல்ல. அந்தப் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது.